தலைக் கடி, இமைக் கருமை, கை ஏறாத சோர்வு: பொடுகு மட்டும்தானா?

கேள்வி: டொக்டர், கோப்பாயில் இருக்கும் என் அம்மாவுக்கு 52 வயது. எட்டு மாதமாகத் தலை முழுக்கக் கடி, இரவில் நித்திரையில்லை. பொடுகு ஷாம்பு மாற்றி மாற்றிப் போட்டும் குறையவில்லை, மயிரும் கொட்டுகிறது. இப்போது கண்ணிமை வீங்கிக் கறுத்திருக்கிறது. கிணற்றடியில் தலைக்கு வாளியால் ஊற்றக் கை ஏறுதில்லை என்கிறா. வயதுக் கோளாறு என்று விடலாமா?

பதில்: விட வேண்டாம். பொடுகு புருவத்துக்கும் மூக்கோரத்துக்கும் இறங்கும். தலைச்சாய ஒவ்வாமை இமையை வீங்கவைக்கும். இரண்டுமே தோள் தசையைப் பலமிழக்கச் செய்யா. தலைக் கடி, இமை நிறமாற்றம், தசைப் பலவீனம் மூன்றும் சேர்ந்தால் டெர்மடோமயோசைட்டிஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலையும் தசையையும் தாக்கும் நோய் அது. நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கிழமையே காட்டுங்கள்.

இந்த நோயில் தலைத்தோல் பரவலாக ஊதாச் சிவப்பாகும், மெல்லிய செதில் உதிரும், கடியும் எரிவும் கடுமையாக இருக்கும். அதனால்தான் பொடுகு, சொரியாசிஸ் என்றே பல மாதம் வைத்தியம் நடக்கிறது. எங்கள் நிறத்தில் சிவப்பு எடுபடாது, கருமையாகவே தெரியும். கீற்றோகொனசோல் 2 வீத ஷாம்புவை வாரம் இருமுறை, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் அசையாத 'பொடுகை' மறுபடி யோசிக்க வேண்டும்.

வீட்டிலேயே பாருங்கள். கதிரையில் கையூன்றாமல் அம்மாவால் எழும்ப முடிகிறதா? விரல் மூட்டுகளின் மேல் தடித்த, நிறம் மாறிய திட்டுகள் உண்டா? நகக்கண் ஓரம் சிவந்து தடித்திருக்கிறதா? விழுங்கும்போது புரைக்கேறினால், மூச்சு வாங்கினால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்கி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் தோல் நோய் நிபுணரிடம் காட்டலாம். இரத்தத்தில் சி.கே. (தசை பழுதானால் கூடும் நொதியம்) கட்டாயம் பார்க்க வேண்டும். ஈரல் பரிசோதனையில் பார்க்கும் ஏ.எஸ்.ரி., ஏ.எல்.ரி. நொதியங்கள் தசை பழுதானாலும் கூடும், அதை ஈரல் வருத்தம் என்று எடுத்துக்கொண்டு திசைமாறுவது உண்டு. கொழுப்புக்கு ஸ்ராட்டின் குளிசை எடுத்தால் சொல்லுங்கள், அதுவும் சி.கே.யைக் கூட்டும். சி.கே. சரியாக இருந்தாலும் நோய் இல்லையென்று ஆகாது. தோல் துண்டுப் பரிசோதனை, தசை எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். நோய் உறுதியானால் நுரையீரலையும் பார்ப்பார்கள். பெரியவர்களில் சிலருக்கு இதனோடு புற்றுநோய் மறைந்திருப்பதால் மார்பு, சூலகம் உட்படத் தேடுவார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, நேரத்தோடு கண்டுபிடிப்பதே பெரிய லாபம். அதற்கு முன் பார்மசியில் ஸ்ரீரோயிட் குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள். பரிசோதனை முடிவுகள் மழுங்கிவிடும்.

சிகிச்சை பெரும்பாலும் பிரெட்னிசலோன் என்ற ஸ்ரீரோயிட் குளிசையில் தொடங்கும்; அதைத் திடீரென நிறுத்தக்கூடாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேற் குளிசை தந்தால் வாரத்தில் ஒரே நாள்தான். தவறி நாளாந்தம் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, ஆகவே எந்த நாள் என்று பெட்டியில் பெரிதாக எழுதிவையுங்கள். தலைக்குக் குளோபெற்றசோல் என்ற கடுமையான ஸ்ரீரோயிட் திரவம் எழுதித் தந்தால் மயிரை வகிர்ந்து தோலில் படும்படி இரவில் பூசி, கை கழுவுங்கள். இமைப்பக்கம் கொண்டுபோக வேண்டாம். வெயில் இந்த நோயைக் கிளறும்: குடை, பருத்தித் துணி, எஸ்.பி.எஃப். 30க்கு மேற்பட்ட கிரீம் மூன்றும் வேண்டும். நோய் அடங்கினால் கொட்டிய மயிர் பெரும்பாலும் திரும்ப முளைக்கும்.