வாலும் பல்லும்

இந்த முறை தபாலில் பாதிக்கு மேல் ஃபைல் பெயரைப் பற்றிய புலம்பல்தான். எல்லாவற்றையும் ஒரே இலையில் பரிமாறிவிடுகிறேன். ஃபைல் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எக்ஸ்டென்ஷனுக்கு நீட்சி, பின்னொட்டு என்றெல்லாம் நல்ல தமிழ் இருக்கிறது. மதுரையில் டிடிபி சென்டர் வைத்திருந்த காலத்திலேயே நான் அதை 'வால்' என்று சொல்லிப் பழகிவிட்டேன். கஸ்டமர் ஃப்ளாப்பியை நீட்டினால் முதல் கேள்வியே "வால் என்ன?" என்பதுதான். இனி மாற்றிக்கொள்ள முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்துக்காகப் பைத்தானில், ஃபிளாஸ்க் என்ற வெப் ஃப்ரேம்வொர்க் வைத்து ஒரு சின்னத் தளம் எழுதியிருக்கிறேன். பழைய விழா மலர்களையும் கணக்கு அறிக்கைகளையும் ஸ்கேன் செய்து ஏற்றுகிறோம். ஆங்கிலப் பெயர் வைத்த ஃபைல்கள் பிரவுசரிலேயே திறக்கின்றன. தமிழ்ப் பெயர் வைத்தவை இன்ன ஃபைல் என்றே தெரியாமல் டவுன்லோடு ஆகின்றன. அதைவிட மோசம், ஏற்றிய சில மலர்கள் காணாமலே போய்விட்டன. ஃபைலின் வகையைச் சொல்லும் மைம்டைப்ஸ் மாட்யூலுக்குத் தமிழ் தெரியாதா?
— வாசகர், விருதுநகர்

மைம்டைப்ஸ் மேல் பழி போடாதீர்கள். அதற்கு ஆங்கிலமும் தெரியாது. கடைசிப் புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும், தன் பட்டியலில் தேடும், 'அப்ளிகேஷன் பார் பிடிஎஃப்' என்று சொல்லும். வேலை முடிந்தது. ஃபைலைத் திறக்காது. அப்படி ஒரு ஃபைல் டிஸ்கில் இருக்கிறதா என்றுகூடக் கேட்காது. இல்லாத பெயர் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், அதற்கும் பதில் வரும்.

உங்கள் விஷயத்தில் அதனிடம் போய்ச் சேர்வதற்குள் வால் அறுந்துவிட்டது. எழுதிய புரோகிராமை நீங்கள் அனுப்பவில்லை. இருந்தாலும் பந்தயம் கட்டுகிறேன், சேமிக்கிற வரியில் 'செக்யூர் ஃபைல்நேம்' என்ற ஃபங்ஷன் இருக்கும். பயிற்சிப் பாடங்கள் அதைத்தான் சொல்லித்தருகின்றன, அதில் தப்பில்லை. எவனாவது பெயருக்குள் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டு உங்கள் சர்வரில் வேறு ஃபோல்டருக்குள் நுழைந்துவிடாமல் தடுப்பது அதுதான். ஆனால் காவல்காரர் கொஞ்சம் முரடு. ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், சில குறிகள்) அல்லாத எழுத்து எதுவானாலும் வாசலிலேயே பிடுங்கி எறிந்துவிடுவார்.

'பொன்விழா மலர் டாட் பிடிஎஃப்' உள்ளே போகிறது. தமிழ் எழுத்தெல்லாம் உதிர்ந்து 'டாட் பிடிஎஃப்' மட்டும் மிஞ்சும். பெயர் புள்ளியில் தொடங்கக் கூடாது என்று அந்தப் புள்ளியையும் சீவிவிடுவார். வெளியே வருவது வெறும் 'பிடிஎஃப்' என்ற மூன்று எழுத்து. அதுதான் இப்போது முழுப்பெயர், அதற்கு வால் கிடையாது. மைம்டைப்ஸ் 'நன்', அதாவது ஒன்றுமில்லை, என்று கைவிரிக்கும். ஃபிளாஸ்க் வேறு வழியில்லாமல் 'ஆக்டெட் ஸ்ட்ரீம்' என்று அனுப்பும். 'ஏதோ பைட்டுகள், என்னவென்று எனக்குத் தெரியாது' என்பதற்கு அரசாங்கக் கடித பாஷை அது. அதைப் பார்த்த பிரவுசர் திறந்து காட்டாமல் டவுன்லோடு செய்துவிடுகிறது.

காணாமல் போன மலர்களும் இங்கேதான் போயின. அடுத்து ஏற்றிய வைரவிழா மலரும் 'பிடிஎஃப்' என்றே ஆகி, முதல் மலரின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பெயரில் ஓர் ஆண்டு இருந்தால் ஆபத்து இன்னும் நைச்சியமாக வரும். 'வரவு 1998', 'செலவு 1998' இரண்டுமே '1998 டாட் பிடிஎஃப்' என்று வாலோடு ஒழுங்காக வந்து நிற்கும். ஆனால் செலவு வரவைத் தின்றிருக்கும். என் வீட்டுக் கணக்கிலும் இது நடப்பதுண்டு, அங்கே பைத்தான் கிடையாது. அந்த ஃபங்ஷனின் கையேட்டிலேயே 'காலிப் பெயர் வரக்கூடும், பெயர் மோதாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு' என்ற எச்சரிக்கை இருக்கிறது. நாம்தான் கையேட்டின் உதாரணத்தைக் காப்பியடித்துவிட்டு அடுத்த பத்தியைப் படிப்பதில்லை.

செய்ய வேண்டியது: ஏற்றுகிறவர் வைத்த தமிழ்ப் பெயரை அப்படியே டேட்டாபேஸில் வையுங்கள். டிஸ்கில் சேமிக்க யூயூஐடி (வேறெதோடும் மோதாத அடையாள எண்) ஒன்று உண்டாக்கிக்கொள்ளுங்கள். வாலை அந்த மூலப் பெயரிலிருந்து 'ஸ்ப்ளிட்எக்ஸ்ட்' வைத்து வெட்டியெடுத்து, சின்ன எழுத்தாக்கி, நீங்கள் அனுமதிக்கும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு யூயூஐடியோடு ஒட்டுங்கள். திருப்பி அனுப்பும்போது 'சென்ட் ஃபைல்'இல் 'டவுன்லோடு நேம்' என்ற இடத்தில் தமிழ்ப் பெயரைக் கொடுத்தால், வகையை ஃபிளாஸ்க் அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளும். ஃபிளாஸ்க் 2.0க்கு முந்தையது என்றால் இந்த இடத்துக்கு 'அட்டாச்மென்ட் ஃபைல்நேம்' என்று பெயர்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கிணறுதான். வால் என்பது யார் வேண்டுமானாலும் ஒட்டக்கூடியது. என் அப்பா மாட்டுச் சந்தையில் வாலைப் பார்த்து விலை பேசியதில்லை. வாயைத் திறந்து பல்லை எண்ணுவார், அதற்கப்புறம்தான் துண்டுக்குள் கையே போகும். ஃபைலுக்கும் பல் உண்டு, முதல் சில பைட்டுகள். பிடிஎஃப் என்றால் சதவீதக் குறி, பிடிஎஃப் என்ற எழுத்துகள், ஒரு சிறுகோடு. பிஎன்ஜி என்றால் பதினாறடிமான எண்ணில் 89, அதன் பின் பிஎன்ஜி. ஜேபெக் என்றால் எஃப்எஃப், டி8, எஃப்எஃப். ஏற்றும்போதே இதைப் பாருங்கள். லினக்ஸில் 'ஃபைல்' என்ற கட்டளை இதைத்தான் செய்கிறது. அந்தக் கட்டளைக்குப் பின்னால் இருக்கும் 'லிப்மேஜிக்' என்ற நூலகத்தைப் பைத்தானிலிருந்து அழைக்க மாட்யூல் கிடைக்கிறது.

அதற்காக வாலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வேர்டின் டாக்ஸ், எக்ஸெல்லின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், ஆண்ட்ராய்டின் ஏபிகே மூன்றும் உள்ளுக்குள் ஜிப்தான். பல்லைப் பார்த்தால் மூன்றிலும் 'பிகே' என்றே இருக்கும் (ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள், மனிதர் போய்விட்டார், கையெழுத்து நம் ஒவ்வொரு வேர்டு ஃபைலிலும் இருக்கிறது). அங்கே எது எது என்று சட்டென்று பிரித்துச் சொல்வது வால்தான். வால் ஒன்று சொல்லிப் பல் வேறு சொன்னால் ஃபைலை வாங்காதீர்கள்.

கேள்வி: 'டாட் டார் டாட் ஜிஇசட்' ஃபைலுக்கு மைம்டைப்ஸின் 'கெஸ் டைப்' ஃபங்ஷன் இரண்டு விடை தருகிறதே, எதை எடுப்பது?
— மாணவி, திருச்சி

இரண்டையும். முதலாவது உள்ளே இருக்கும் பண்டம், அதாவது பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய டார். இரண்டாவது அதை எதில் சுற்றியிருக்கிறது என்பது, அதாவது சுருக்கிக் கட்டும் ஜிஜிப். சாதாரண ஃபைல்களுக்கு இரண்டாவது 'நன்' என்று வரும். அதைப் பார்த்துத் தப்பு நடந்துவிட்டதாகப் பதற வேண்டாம்.

கேள்வி: சிஎஸ்வி மட்டும் ஏற்றலாம் என்று நிபந்தனை வைத்திருக்கிறேன். 'டெக்ஸ்ட் பார் சிஎஸ்வி' வந்தால் அனுமதி, இல்லாவிட்டால் மறுப்பு. ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் நல்ல சிஎஸ்வியும் மறுக்கப்படுகிறது. அந்த இருக்கையில் இருக்கும் அக்கா என்னைத் திட்டுகிறார்.
— புரோகிராமர், கோவை

அக்கா பக்கம்தான் நியாயம். அவர் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருக்கும், பக்கத்து மேசைகளில் இருக்காது. அல்லது அவருடைய பிரவுசர் வேறு. அப்லோடோடு வரும் வகையை உங்கள் சர்வர் கண்டுபிடிக்கவில்லை, அனுப்புகிற பிரவுசர் சொல்கிறது. விண்டோஸில் சில பிரவுசர்கள் அதை ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு) கேட்டுச் சொல்லும். எக்ஸெல் குடியேறிய வீட்டில் சிஎஸ்விக்கு 'விஎன்டி டாட் எம்எஸ் எக்ஸெல்' என்று ரெஜிஸ்ட்ரியில் பதிந்திருக்கும். அனுப்புகிறவர் சொல்வதை வைத்து அனுமதியும் கொடுக்காதீர்கள், மறுப்பும் சொல்லாதீர்கள். வாலைப் பாருங்கள், பிறகு சிஎஸ்வி மாட்யூலில் நாலு வரி படித்துப் பாருங்கள். சிஎஸ்விக்குப் பல் கிடையாது, மென்றுதான் பார்க்க வேண்டும்.

இதே ரெஜிஸ்ட்ரி என்னையும் ஒரு முழு ராத்திரி உட்கார வைத்திருக்கிறது. நான் எழுதிய தளம் வாடிக்கையாளரின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் மட்டும் வெள்ளைத் திரையாக நின்றது. பைத்தானின் மைம்டைப்ஸும் விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியைப் படிக்கும். அங்கே ஏதோ ஒரு மென்பொருள் 'டாட் ஜேஎஸ்'ஸை 'டெக்ஸ்ட் பார் பிளெய்ன்' என்று மாற்றி எழுதிவிட்டுப் போயிருந்தது. மாட்யூல் வகை ஜாவாஸ்கிரிப்ட் அப்படி வந்தால் பிரவுசர் ஓட்டவே ஓட்டாது. 'ஆட் டைப்' என்று ஒரே வரியில், ஜேஎஸ் என்றால் 'டெக்ஸ்ட் பார் ஜாவாஸ்கிரிப்ட்' என்று நானே அடித்துச் சொன்ன பிறகுதான் விடிந்தது. பழைய புத்தகங்களில் 'அப்ளிகேஷன் பார் ஜாவாஸ்கிரிப்ட்' என்று பார்த்திருப்பீர்கள். 2022இல் வந்த ஆர்எஃப்சி 9239 என்ற இணைய விதி ஆவணம் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டது.

கேள்வி: டைப்ஸ்கிரிப்ட் ஃபைலை என் சர்வர் வீடியோ என்று சொல்லி அனுப்புகிறது. பைத்தியமா அதற்கு?
— வாசகர், சென்னை

இல்லை, மூப்பு. டைப்ஸ்கிரிப்ட் 2012இல் பிறந்தது. எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்ற வீடியோ வகை அதற்கு வெகுகாலம் முன்பே 'டிஎஸ்' என்ற வாலை எடுத்துக்கொண்டது. எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் பட்டியலில் இன்றும் டிஎஸ் என்றால் வீடியோதான். ஒரே தெருவில் இரண்டு முருகேசன். டைப்ஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித்தானே அனுப்பப்போகிறீர்கள், பிறகு சண்டை எதற்கு?

கேள்வி: தெரியாத எண்ணிலிருந்து என் கணவருக்கு வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருக்கிறது. பத்திரிகை பிடிஎஃப் ஆகத்தானே இருக்கும்?
— இல்லத்தரசி, சேலம்

அம்மா, திறக்கவே வேண்டாம். மேலே இவ்வளவு நேரம் வாலை நம்பாதே என்று எழுதினேன். இங்கே வால் உண்மையைச் சொல்கிறது, பெயர்தான் பொய். ஏபிகே என்றால் ஆண்ட்ராய்டு ஆப். அதை நிறுவினால் உங்கள் எஸ்எம்எஸ்ஸும் ஓடிபியும் அடுத்தவன் கைக்குப் போகலாம். தொட்டிருந்தால் நெட்டைத் துண்டித்துவிட்டு வங்கிக்குப் பேசுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அடியுங்கள்.

தந்திரம் பழசுதான். 2000 மே மாதம் உலகையே கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ், 'டிஎக்ஸ்டி' என்ற வாலுக்குப் பின்னால் 'விபிஎஸ்' என்று இரண்டாவது வால் ஒன்றை வைத்துக்கொண்டு வந்தது. தெரிந்த வால்களை மறைப்பது விண்டோஸின் வழக்கம். அதனால் பலர் கண்ணுக்கு அது வெறும் காதல் கடிதம். வாட்ஸ்அப்பில் அந்தச் சாக்கு இல்லை, முழுப்பெயரும் கண் முன்னால் இருக்கிறது. உங்கள் கண்ணில் பட்டதே, சபாஷ்.

கேள்வி: ஜேபிஜி, ஜேபிஇஜி வித்தியாசம் என்ன?
— மாணவர், நாகர்கோவில்

ஓர் எழுத்து. டாஸ் காலத்தில் பெயருக்கு எட்டு, வாலுக்கு மூன்று என்று அளவு இருந்தது. அதில் 'இ'க்கு இடமில்லாமல் போய்விட்டது.

கேள்வி: 1999இல் நான் டைப் செய்த கவிதைகள் ஒரு பழைய டிஸ்கில் கிடைத்தன. 'டிஎக்ஸ்டி' ஃபைல்தான். திறந்தால் ஒரே ஆங்கிலக் குப்பை. கெட்டுப்போய்விட்டதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

ஐயா, ஒன்றும் கெடவில்லை. இதில் வாலும் பொய் சொல்லவில்லை, பல்லும் பொய் சொல்லவில்லை. அது டெக்ஸ்ட்தான், உள்ளே இருப்பதும் சுத்தமான ஆஸ்கி எழுத்துகள்தான். எந்த ஃபான்ட்டின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டும் என்பதை மட்டும் அந்த ஃபைலில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஜே, கே, பி, ஓ, உடனே ஓர் அரைப்புள்ளி, இந்த ஐந்தும் சேர்ந்து எங்காவது வருகிறதா என்று தேடிப் பாருங்கள். வந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த 'தமிழ்' என்ற சொல். அப்படியே முழுவதையும் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டரில் போட்டு எடுத்து, யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்தும் கிடைக்காவிட்டால் முதல் நாலு வரியை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த ஃபான்ட் என்று பார்த்துச் சொல்கிறேன்.