எலெக்ட்ரிக் பியானோவுக்கு உயிர் வர கிட்டார் ஆம்ப்: ரீஆம்ப் பாக்ஸ் இல்லாமல் முடியுமா?

கேள்வி: கம்ப்யூட்டரில் உள்ள எலெக்ட்ரிக் பியானோ, ஆர்கன் ஒலிகளை வைத்துத்தான் இசையமைக்கிறேன். சுத்தமாக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை. என்னிடம் 15 வாட் வால்வ் கிட்டார் ஆம்ப், ஒரு டைனமிக் மைக், இரண்டு இன்புட் இரண்டு அவுட்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கின்றன. அவுட்புட்டை நேராக ஆம்பில் செருகிப் பார்த்தேன். பெரிய உறுமல், ஒலியும் கிழிந்தது. ஆம்ப் கெட்டுவிடுமோ என்று நிறுத்திவிட்டேன். ரீஆம்ப் பாக்ஸ் (கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒலியைக் கிட்டார் ஆம்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: ஆம்ப் கெட்டுப் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கிட்டார் இன்புட்டில் லைன் சிக்னல் (ஆடியோ கருவிகள் தங்களுக்குள் பரிமாறும் பலமான சிக்னல்) வந்தால் முதல் வால்வ் திணறும், அவ்வளவுதான். வால்வ் ஆம்புக்கு உண்மையான ஆபத்து வேறு: ஸ்பீக்கர் இணைக்காமல் அதை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

ஒலி கிழிந்ததற்குக் காரணம் லெவல். கிட்டார் பிக்கப் தருவது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும். மெதுவாக வாசித்தால் அதில் சிறு பங்குதான். இன்டர்ஃபேஸின் லைன் அவுட்புட்டோ +4 dBu என்ற ஸ்டுடியோ அளவில் 1.23 வோல்ட், உச்சத்தில் பல வோல்ட் தரும். எனவே இன்டர்ஃபேஸின் அவுட்புட் குமிழை முழுக்கக் குறைத்துவிட்டு, ஆம்பை வழக்கமான கிட்டார் செட்டிங்கில் வைத்துக்கொண்டு, மெல்ல ஏற்றுங்கள். குமிழ் மிகக் கீழேயே நின்றுவிட்டால் மென்பொருளில் ட்ராக்கின் லெவலை 20 டெசிபல் இறக்குங்கள். 24 பிட்டில் அதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

உறுமல் வேறு கதை. கம்ப்யூட்டரும் ஆம்பும் தனித்தனியே எர்த் ஆகியிருக்கும்போது, கேபிளின் ஷீல்டு வழியாக அந்த இரண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகி உறுமும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் சிக்னல் கேபிளின் நடுவே ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பவர் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது உயிர் போகிற விஷயம்.

ரீஆம்ப் பாக்ஸ் மூன்று வேலை செய்கிறது: லெவலைக் குறைக்கிறது, டிரான்ஸ்ஃபார்மரால் எர்த்தைப் பிரிக்கிறது, சிக்னலின் இம்பீடன்ஸை (மின்தடை மாதிரியான குணத்தை) கிட்டார் மாதிரி உயர்த்துகிறது. மூன்றாவது வேலை ஃபஸ் பெடல் (ஒலியை முரட்டுத்தனமாகக் கரகரக்க வைப்பது) மாதிரி சில பெடல்களுக்குத்தான் முக்கியம். நேராக ஆம்புக்குள் போகிற கீபோர்டு ஒலிக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. முதல் வேலையைக் குமிழே செய்துவிடும். ஆகவே உறுமல் போகவில்லை என்றால் வாங்குங்கள், இல்லையென்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். பேசிவ் டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும், பவர் தேவைப்படாத பெட்டி) கையில் இருந்தால் அதைத் தலைகீழாக மாட்டியும் ஒப்பேற்றலாம். ஆனால் தலைகீழாக மாட்டும்போது அதன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை ஏற்றிவிடும் என்பதால் சிக்னலை இன்னும் நிறைய இறக்கித்தான் அனுப்ப வேண்டும்.

சரி, இனிதான் விஷயமே. இணைப்பு சரியான பிறகும் பலருக்கு ஒலி ஏமாற்றமாகவே இருக்கும். தயாராக, மினுமினுப்பாக இருக்கும் பிரீசெட்டை அப்படியே ஆம்புக்கு அனுப்புவதுதான் காரணம். ஆம்புக்குப் போக வேண்டியது மொட்டையான ஒலி. ரிவர்ப், கோரஸ், ஸ்டீரியோ விரிப்பு, உள்ளேயே இருக்கும் ஆம்ப் சிமுலேஷன் எல்லாவற்றையும் அணையுங்கள். எலெக்ட்ரிக் பியானோ பிரீசெட்டில் இடமும் வலமும் மாறிமாறி ஆடும் ட்ரெமொலோ இருந்தால் அதைக் கட்டாயம் அணைக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் மோனோவாகக் கூட்டினால் ஒரு பக்கம் ஏறுவதும் மறுபக்கம் இறங்குவதும் சேர்ந்து அசைவு காணாமல் போகும். மோனோ ஆக்கும்போது கூட்டுவதைவிட இடது பக்கத்தை மட்டும் எடுப்பது பெரும்பாலும் நல்லது.

ஆர்கனுக்கு ஒரு குறிப்பு. சுழலும் லெஸ்லி ஸ்பீக்கரில் சிக்னல் முதலில் அதன் ஆம்பில் கரகரக்கும், அப்புறம்தான் சுழலும். அதே வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்: சுழற்சி இல்லாத ஆர்கனை ஆம்ப் வழியே பதிவு செய்து, பதிவான ட்ராக்கின் மேல் லெஸ்லி பிளக்-இன்னைப் போடுங்கள். சுழற்சியே வேண்டாம், வெறும் கரகரக்கும் ஆர்கன் போதும் என்றாலும் தவறில்லை. டீப் பர்ப்பிளின் ஜான் லார்ட் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்பில் செருகி வாசித்தவர்தான்.

கிட்டாரின் மிகத் தடித்த கடைசிக் கம்பி 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே பெரிதாக எதையும் எதிர்பார்த்து அந்த ஸ்பீக்கர் செய்யப்படவில்லை. எலெக்ட்ரிக் பியானோவின் இடதுகை ஸ்வரங்கள் 40 ஹெர்ட்ஸ் பக்கம்கூட இறங்கும். அது ஸ்பீக்கரின் கோனை (அதிரும் கூம்பை) வீணாக அலைக்கழித்து மற்ற ஸ்வரங்களையும் குழப்பும். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி அனுப்புங்கள். கீழ்ப்பகுதி வேண்டுமென்றால் நேரடி ட்ராக்கிலிருந்து கலந்துகொள்ளலாம். மேலே சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்குப் பிறகு ஸ்பீக்கரின் ஒலி அளவு செங்குத்தாக விழும். அதை ட்ரெபிளால் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கம்ப்யூட்டர் ஒலியின் அந்தப் பிளாஸ்டிக் பளபளப்பு குறைவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆம்பின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) எவ்வளவு வைப்பது? மிடியில் ஒரே கார்டை வெலாசிட்டி (கட்டையை அழுத்தும் பலம், 127 வரை) 60-லும் 110-லும் மாற்றி மாற்றி லூப்பில் ஓடவிடுங்கள். 60-இல் சுத்தமாகவும் 110-இல் லேசாக உடைந்தும் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் மெதுவானதும் பலமானதும் ஒரே சத்தமாகிவிடும், ஏற்ற இறக்கத்தோடு வாசித்ததற்கே அர்த்தமில்லாமல் போகும்.

அதிக டிஸ்டார்ஷன்தான் வேண்டும் என்றால் கார்டைப் பார்த்து அனுப்ப வேண்டும். டிஸ்டார்ஷன், இரண்டு ஸ்வரங்களின் வித்தியாச அதிர்வெண்ணையும் புதிதாக உண்டாக்கும். நடு சி 261.6 ஹெர்ட்ஸ், மேலே ஜி 392, வித்தியாசம் 130.4. அது கிட்டத்தட்ட கீழ் சி, அதனால் கனமாகக் கேட்கும். ஆனால் சி-யுடன் ஈ, அதாவது 329.6 சேர்ந்தால் வித்தியாசம் 68. அது சி-யும் இல்லை, சி ஷார்ப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் தொங்கும். முழு கார்டு சேறாகக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிட்டாரிஸ்டால் எளிதில் செய்ய முடியாத ஒன்றை மிடியில் நீங்கள் செய்யலாம்: கார்டின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனி ட்ராக்காக ஆம்ப் வழியே அனுப்பிப் பதிவு செய்து பிறகு சேருங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் கரகரத்தும் கார்டு தெளிவாக நிற்கும்.

பதிவு செய்யும்போது, இரண்டே அவுட்புட் என்பதால் மானிட்டர் ஸ்பீக்கர் கேபிள்களைக் கழற்றிவிட்டு முதல் அவுட்புட்டை ஆம்புக்குக் கொடுங்கள். ட்ராக்கை முன்கூட்டியே ஆடியோவாக மாற்றி, இடது பக்கம் முழுக்கத் தள்ளி, சோலோவில் வைத்து ஓட்டுங்கள். மைக் ட்ராக்கின் மானிட்டரிங்கும் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரும் அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மைக்கில் வருவது மறுபடி ஆம்புக்கே போய் அலறும்.

மைக்கை ஆம்பின் ஸ்பீக்கர் துணியிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டரில், கோனின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் தொடங்குங்கள். நடுவுக்கு நகர்த்தினால் கூர்மை, ஓரத்துக்கு நகர்த்தினால் மென்மை. இரண்டு விரல்கடை நகர்த்துவதற்கு ஈக்யூவில் பத்து நிமிடம் செலவழித்தாலும் ஈடாகாது. சத்தம் பற்றிய பயம் வேண்டாம், பேசும் அளவை விடச் சற்றே உரக்க இருந்தாலே பியானோவுக்குப் போதும்.

நேரடி ட்ராக்கையும் ஆம்ப் ட்ராக்கையும் சேர்த்துக் கலக்கப் போகிறீர்கள் என்றால் தாமதத்தைக் கவனியுங்கள். ஒரு மில்லிசெகண்ட் தள்ளியிருந்தாலே 500 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும், ஒலி மெலிந்துவிடும். பாட்டுக்கு இரண்டு பார் முன்னால் ஒரு கூர்மையான கிளிக்கை ட்ராக்கிலேயே வைத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு பெரிதாக்கிப் பார்த்து, இரண்டு கிளிக்கும் ஒரே கோட்டில் நிற்கும்படி ஆம்ப் ட்ராக்கை நகர்த்துங்கள். அதன்பின் ஒரு ட்ராக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் பார்த்து, எதில் கீழ்ப்பகுதி நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆம்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் இருந்தால் அதிலும் ஒருமுறை செருகிப் பாருங்கள். ப்ரீஆம்பைத் தாண்டி நேரே பவர் பகுதிக்குப் போவதால் கரகரப்பு குறையும், ஸ்பீக்கரின் குணம் மட்டும் ஏறும். சுத்தமான பியானோ வேண்டிய இடங்களில் முன் இன்புட்டை விட அதுவே எனக்குப் பிடிக்கும். விரிந்த பேட் (நீண்டு நிற்கும் சிந்தசைசர் ஒலி), வயலின் கூட்டம் மாதிரி மேல் அதிர்வெண்களில் வாழும் ஒலிகளுக்கு மட்டும் ஆம்ப் வேண்டாம், மூடிய அறையிலிருந்து கேட்பது போல் ஆகிவிடும்.