முகப்பு மட்டும்தான் பிரான்ஸ்

ஐயா,

மலேசியாவின் பேராக்கில் தோட்டத்தை ஒட்டிய எங்கள் சிறு நகரத்து மாதா கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டப் பேச்சு நடக்கிறது. "முன்னால் வெள்ளைக்காரன் கோயில், உள்ளே போனால் தகரக் கொட்டகை. இதில் காப்பாற்ற என்ன இருக்கிறது?" என்று பெரியவர்களே கேட்கிறார்கள். படங்கள் இணைத்திருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சவரி

அன்புள்ள சவரி,

கொட்டகை என்றால் கொட்டகைதான். அதில்தான் விஷயமே இருக்கிறது.

உங்கள் முகப்பில் இருக்கிறதே, உச்சி கூரான வளைவு, அந்தக் கூர்வளைவு ஐரோப்பாவில் வந்தது கல் கூரையின் பாரத்தைத் தூணுக்கு இறக்க. உங்கள் கோயிலில் மேலே மரச்சட்டமும் தகரமும்தான். முகப்புச் சுவர் கூரையைவிட உயர்ந்து தனியாக நிற்கிறது. ரோட்டில் போகிறவருக்கு இது கோயில் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

பக்கச் சுவரைப் பாருங்கள். ஆளுயரத்துக்கு மேல் போகும் சன்னல்கள், சுவர் கூரையைத் தொடும் இடத்தில் காற்றுக்கு விட்ட துளைகள், சாரல் அடிக்காதபடி நீட்டிய இறவாரம். நம் வெயிலும் மழையும் தெரிந்தவர் கட்டியது. மூன்றாவது படத்தில் சன்னல் கதவின் கீழ்ச்சட்டங்கள் மட்டும் சாயம் போய் வழவழவென்று இருக்கின்றன. உள்ளே இடமில்லாமல் வெளியே நின்று பூசை கண்டவர்கள் கையால் பிடித்துக்கொண்ட இடமாக இருக்கும்.

உங்கள் மாநிலத்துப் பாகான் செராயில் 1880களிலேயே பாரிஸ் மறைபரப்புச் சபைக் குரு ரெனே ஃபே தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குக் குடியிருப்பு அமைத்தார். ரப்பருக்கு முன்னால் அந்தக் கிரியான் வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்த காலம் அது. 1896இல் அவர் மலாக்கா ஆயரானார். இப்படி வந்த பிரெஞ்சு சாமியார்களுக்கு ஊர் ஞாபகம் முகப்போடு சரி. கூலிச் சனத்தின் காசில் மிச்சத்தை எப்படிக் கட்ட முடியும்?

இன்னொன்று. பீடத்துக்கு முன்னால் தரையில் வரிசையாகச் சிமெண்ட் ஒட்டுகள் தெரிகின்றனவே, அங்கேதான் பீடத்தையும் சனத்தையும் பிரிக்கும் கிராதி நின்றிருக்க வேண்டும். உலகத்து ஆயர்கள் கூடிய 1962-65 இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு சாமியார் சனத்தைப் பார்த்துத் திரும்பினார், பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது, பல கோயில்களில் கிராதியை எடுத்துவிட்டார்கள். அந்த ஒட்டுகளைப் புது டைல்ஸ் போட்டு மறைக்க வேண்டாம்.

பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலில் 2002இல் பெரிய கோயில் எழுப்பினார்கள். 1888இல் கட்டியதை இடிக்கவில்லை. உங்களுக்கு அவ்வளவு நிலம் இருக்காது, சரி. ஆனால் தோட்டத்துச் சனம் பாதிக்கு மேல் பட்டணம் போய்விட்ட பிறகு, சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை பெஞ்சு நிறைகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். திருவிழாக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பந்தல் போதும்.

தகரத்தை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது சீலிங் அடித்து அந்தக் காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் அடுத்த கூட்டத்திலேயே ஏர்கோனுக்கு வசூல் ஆரம்பித்துவிடுவார்கள்.