டிவி லாட்டரி விழுந்திருக்கு, டிகிரி முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு, அமெரிக்கா போறதைத் தள்ளிப் போடலாமா?

டிவி லாட்டரி, அதான் குலுக்கல்ல அமெரிக்காவுல குடியேற விசா குடுக்கற டைவர்சிட்டி விசா திட்டம், அதைத் தள்ளிப் போட முடியாது. போறதை வேணும்னா கொஞ்சம் தள்ளலாம். இந்த ரெண்டும் வேற வேறன்னு புரியாமதான் நான் கோட்டை விட்டேன், அதனாலதான் இந்தக் கேள்வியைப் பாத்ததும் கை சும்மா இருக்க மாட்டேங்குது.

நீங்க எந்த நாடுன்னு போடல. இந்தியாவுல பிறந்தவங்களுக்கு இந்த லாட்டரியே கிடையாது, அஞ்சு வருஷத்துல 50,000 பேருக்கு மேல அமெரிக்காவுல குடியேறின நாடுகளை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க. அதனால நீங்க இலங்கையா இருக்கணும், இல்ல மலேசியாவா இருக்கணும். ஒன்றரை வருஷம் பாக்கின்னு சொல்றதைப் பாத்தா இன்ஜினியரிங்கோ மெடிக்கலோ. வீட்டுல அப்பா "டிகிரி இல்லாம அங்க போய் தட்டு கழுவப் போறியா"ன்னு கேட்டிருப்பார். அப்படி இல்லைன்னா மன்னிச்சுக்குங்க, எங்க வீட்டுல அப்படித்தான் கேட்டாங்க.

நான் பர்மாத் தமிழன். ரங்கூனுக்கு ஆத்துக்கு அக்கரையில சிரியம், இப்போ தன்லின்னு சொல்றாங்க, அங்கதான் வீடு. 2018 கடைசியில, ஃபார்ம் போட கடைசித் தேதி நவம்பர் 6, அதுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது ரங்கூன் டவுன்ல ஒரு ஜெராக்ஸ் கடையில உக்காந்து போட்டேன். ஃபார்ம் போட அப்போ காசே கிடையாது, அது தெரியாம கடைப் பையனுக்கு 5,000 கியாட் குடுத்துட்டு வந்தேன், அது வேற கதை. அவன் குடுத்த கன்ஃபர்மேஷன் நம்பரை அம்மா காளி கோயில் காலண்டர் பின்பக்கம் பேனாவால எழுதி வச்சாங்க. அந்த நம்பர் இல்லைன்னா ரிசல்ட் பாக்க முடியாது, விழுந்தவங்களுக்கு அவங்களா மெயில் போட்டு சொல்ல மாட்டாங்க. மெயில் வந்துச்சுன்னா அது ஏமாத்து வேலை.

2019 மே மாசம் ரிசல்ட். நான் கிளாஸ்ல இருந்தேன், இன்ஜினியரிங் எங்க ஊர்ல ஆறு வருஷம், அதுல அஞ்சாவது வருஷம். ராத்திரி வந்து பாத்தா விழுந்திருக்கு. ஆசியாவுக்கான கேஸ் நம்பர், அதுவும் சின்ன நம்பர், அதாவது சீக்கிரமே இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவாங்க. தெருவுல பாதிப் பேருக்கு மறுநாள் காலையில மொகிங்கா நூடுல்ஸ் கடையிலயே தெரிஞ்சு போச்சு.

இப்போ நான் பண்ணின முட்டாள்தனத்துக்கு வர்றேன். சிரிக்காதீங்க, அப்போ பாக்க ரொம்ப புத்திசாலித்தனமா இருந்துச்சு.

எங்க வருஷத்துக்கான விசா 2019 அக்டோபர் 1-ல இருந்து 2020 செப்டம்பர் 30 வரைக்கும்தான் குடுப்பாங்க. செப்டம்பர் 30 ராத்திரி தாண்டிச்சுன்னா உங்க கேஸ் செத்துப் போச்சு, அடுத்த வருஷத்துக்கு எடுத்துட்டுப் போக முடியாது. விசா கைக்கு வந்தப்புறம் பொதுவா ஆறு மாசத்துக்குள்ள அமெரிக்காவுல இறங்கணும், விசாவுக்கான மெடிக்கல் டெஸ்ட் எப்போ எடுத்தீங்கங்கறதைப் பொறுத்து அது குறையவும் செய்யும். நான் டிகிரி முடிக்கறது 2020 செப்டம்பர், அக்டோபர் வாக்குல. அப்போ என்ன கணக்கு? டிஎஸ்-260, அதாவது லாட்டரி விழுந்தவங்க விசாவுக்கு அனுப்பற ஃபார்ம், அதை உடனே அனுப்பாம இழுத்தடிச்சா இன்டர்வியூவும் தள்ளிப் போகும், ஆகஸ்ட்ல இன்டர்வியூ, அக்டோபர்ல டிகிரி, டிசம்பர்ல ஃபிளைட். அப்பா பால் கணக்கு எழுதுற நோட்டு ஒண்ணு, நீளமானது, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, அதுல கடைசிப் பக்கத்தைத் திருப்பி மூணு கோடு போட்டு எழுதினார். "இன்டர்வியூ, ஆடி. பரீட்சை, புரட்டாசி. கப்பல், மார்கழி." ஃபிளைட்னு சொல்ல மாட்டார், நாட்டை விட்டுப் போறதுன்னா அவருக்குக் கப்பல்தான். அம்மா அதைப் பாத்துட்டு ஆடியில போய் யாராவது நல்ல காரியத்துக்கு நிப்பாங்களா, ஆவணின்னு எழுதுங்கன்னு ஒரே சண்டை. ஆவணி முடிஞ்சா செப்டம்பர் பாதி. கத்தி நுனியில நிக்கிறோம்னு யாருக்கும் தோணல, ஆடி போய் ஆவணின்னு மாத்திட்டுத்தான் அன்னிக்கு சாப்பிட்டோம்.

அப்பாவுக்கு அந்த தைரியம் எங்க இருந்து வந்துச்சுன்னா எங்க தாத்தாகிட்ட இருந்து. 1964-ல கடைகளையெல்லாம் கவர்மென்ட் எடுத்து, 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு சொல்லி, தமிழ் ஆளுங்க கூட்டம் கூட்டமா மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினப்போ தாத்தாவும் பேர் குடுத்திருந்தார். மாடு சினையா இருக்கு, கன்னு போடட்டும்னு ஒரு கப்பலை விட்டார், அப்புறம் அடுத்ததையும் விட்டார், அப்படியே நின்னுட்டார். "அவரு தள்ளிப் போட்டதாலதான்டா இந்த வீடு, இந்த மாடு"ன்னு அப்பா சொல்லிச் சொல்லியே எங்க வீட்டுல தள்ளிப் போடறதுன்னா ஒரு கெட்டிக்காரத்தனம் மாதிரி ஆகிடுச்சு.

இன்னொரு காரணமும் இருக்கு, மறைக்க விரும்பல. பேரு பிரச்சனை. வீட்டுல எனக்கு ஒரு தமிழ்ப் பேரு, மப்போந்தின்ல, அதான் எங்க அடையாள அட்டை, அதுல மூணு சொல்லுல ஒரு பர்மியப் பேரு. பர்மியப் பேருல குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஃபார்ம்ல கடைசிப் பேருக்கு ஒரு கட்டம் இருக்கே, ஜெராக்ஸ் கடைப் பையன் மூணாவது சொல்லைத் தூக்கி அதுல போட்டுட்டான். அதோட என் பிறப்புக் காகிதத்துல தமிழ்ப் பேரு இருந்துச்சு. இந்த ரெண்டு பெயரும் ஒரே ஆளோடதுதான்னு கோர்ட்ல சத்தியப் பத்திரம் எடுக்கணும்னு ஒருத்தர் சொன்னார், அதுக்கு அலையறேன் அலையறேன்னு சொல்லியே மூணு மாசம் ஓட்டினேன். உண்மையா அலைஞ்சது நாலு நாள்தான். மீதி நாள் எல்லாம் நோட்டுக் கணக்கு பக்காவா இருக்குங்கற நிம்மதியில போச்சு.

டிசம்பர்லதான் ஃபார்ம் அனுப்பினேன். 2020 ஜனவரி 31-ம் தேதி அமெரிக்காவுல டிரம்ப் ஒரு கையெழுத்து போட்டார். மறுநாள் காலையில டீக்கடையில ஃபேஸ்புக்ல பாக்கறேன், நைஜீரியா, எரித்ரியா, கிர்கிஸ்தான், பர்மா, இந்த நாலு நாட்டுக்காரங்களுக்கு குடியேற்ற விசா நிறுத்தம், பிப்ரவரி 21-ல இருந்து. டூரிஸ்ட் விசா உண்டு, ஸ்டூடன்ட் விசா உண்டு, போய் தங்கற விசாதான் இல்ல. அமெரிக்காக்காரன் இன்னும் மியான்மர்னு எழுத மாட்டான், பர்மான்னுதான் எழுதறான், லிஸ்ட்ல அந்தப் பேரைப் பாத்ததும் இது ஏதோ பழைய காலத்து நியூஸ்னு ஒரு செகண்ட் நினைச்சேன். அப்புறம் மார்ச்ல கொரோனா, எம்பசி எல்லாம் வழக்கமான விசா வேலையை நிறுத்தினாங்க. எனக்கு இன்டர்வியூ லெட்டரே வரல. செப்டம்பர் 30 வந்துச்சு, போச்சு. அன்னிக்கு லாக்டவுன், வீட்டுல எல்லாரும் இருந்தோம், யாரும் அதைப் பத்திப் பேசல, அப்பா மாட்டைப் பாக்கப் போயிட்டார்.

2021 ஜனவரி 20-ம் தேதி பைடன் வந்த அன்னிக்கே அந்தத் தடையை எடுத்தாங்க. எங்க வருஷத்து லாட்டரி செத்து நாலு மாசம். தடை எடுத்த பன்னெண்டாம் நாள், பிப்ரவரி 1, எங்க நாட்டுல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது உங்களுக்கே தெரியும், அதைப் பத்தி நான் இங்க எழுதப் போறதில்ல. யூனிவர்சிட்டி மூடினது மூடினதுதான். எந்தப் படிப்புக்காகத் தள்ளிப் போட்டேனோ அந்தப் படிப்பு 2020-ல முடிய வேண்டியது 2023-லதான் முடிஞ்சுது. சர்டிஃபிகேட் வாங்கி இப்போ பயிந்நாவுங் மார்க்கெட்ல ஒரு பருப்பு மண்டியில பில் போடறேன், மெட்ராஸுக்குப் போற உளுந்துல எஃப்.ஏ.க்யூங்கற சாதா ரகம் எத்தனை டன், எஸ்.க்யூங்கற ஒசத்தி ரகம் எத்தனை டன். சிவில் இன்ஜினியர்.

"விதி, யாருக்குத் தெரியும் தடை வரும்னு"னு நீங்க சொல்லலாம், என் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் சொல்லிட்டாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். மோல்மீன்ல எங்களுக்கு தூரத்துச் சொந்தம் ஒரு அக்கா, அதே வருஷ லாட்டரி. ஃபார்மை ஜூன்லயே அனுப்பிட்டாங்க, வருஷம் முடியறதுக்குள்ள இன்டர்வியூ, ஜனவரியில ஏறிட்டாங்க, படிப்பைப் பாதியில விட்டுட்டு. அப்போ எங்க சொந்தமே சிரிச்சுது, நானும் சிரிச்சேன், மூணு வருஷம் படிச்சதைக் குப்பையில போட்டுட்டுப் போறாளேன்னு. இன்டியானாவுல ஃபோர்ட் வெய்ன், அங்க பர்மாக்காரங்க நிறைய. கம்யூனிட்டி காலேஜ்ல முதல்ல இருந்து படிச்சாங்க. கிரீன் கார்டு இருந்தா ஃபெடரல் உதவிப் பணத்துக்கு அப்ளை பண்ணலாமாம், வெளிநாட்டு ஸ்டூடன்ட்டுக்கு அது கிடையாது. இது எனக்கு 2019-ல தெரிஞ்சிருந்தா அப்பாவோட தட்டு கழுவற கேள்விக்குப் பதில் இருந்திருக்கும். உங்க அப்பாகிட்ட இதை முதல்ல சொல்லுங்க.

படிப்பை விடவே முடியாதுன்னா ஒரு வழி இருக்கு, அந்த அக்காதான் அப்புறம் சொன்னாங்க. இழுத்தடிக்காம விசாவை வாங்குங்க, அது செல்லுற காலத்துக்குள்ள போய் இறங்குங்க, இறங்கினதும் நீங்க கிரீன் கார்டுக்காரர். அங்க இருக்கும்போதே ஐ-131 ஃபார்ம்ல ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு, அதாவது வெளிய ரொம்ப நாள் இருந்துட்டுத் திரும்ப உள்ள வர்றதுக்கான அனுமதிக்கு, அப்ளை பண்ணுங்க, ஊருக்குத் திரும்பி வந்து உக்காந்துக்கிட்டு அப்ளை பண்ண முடியாது. கைரேகை குடுக்கக் கூப்பிடுவாங்க, அதுக்கும் நாள் கணக்கு வச்சுக்குங்க. அது அதிகபட்சம் ரெண்டு வருஷம் செல்லும், உங்க ஒன்றரை வருஷம் அதுக்குள்ள அடங்குது. அது இல்லாம ஒரு வருஷத்துக்கு மேல வெளிய இருந்தா கார்டே போயிடும்னு வச்சுக்குங்க, அதுக்கு முன்னாடியே கூட நீ இங்க குடியிருக்கறவன்தானான்னு ஏர்போர்ட்ல கேட்பாங்க. ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா பின்னாடி சிட்டிசன்ஷிப் கணக்குல இடிக்கும், பெர்மிட் இருந்தாலும் அது இடிக்கும். ரெண்டு டிக்கெட் காசு கூட ஆகும். விசா ஃபீஸ் மட்டும் ஆளுக்கு 330 டாலர், நான் சேத்து வச்சப்போ அது ஏறக்குறைய 5 லட்சம் கியாட், இப்போ ரேட்டை நினைக்கவே வேணாம்.

நான் வக்கீல் இல்ல. "கேஸ் ஆபீசர் இப்படிச் சொன்னார், அப்படிச் சொன்னார்"னு கமெண்ட்ல வருவீங்கன்னு தெரியும், வாங்க, ஆனா செப்டம்பர் 30-ஐ மட்டும் யாராலயும் மாத்த முடியாது. தடை விஷயத்துலயும் அப்படித்தான், 2025 ஜூன்ல எங்க நாட்டை மறுபடி லிஸ்ட்ல போட்டு இந்த தடவை ஸ்டூடன்ட் விசா வரைக்கும் சாத்திட்டாங்க. உங்க நாடு நாளைக்கு இருக்காதுன்னு யார் சொன்னா?

கமெண்ட்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, கேள்விக்கு சம்பந்தமில்ல, ஆனா சொல்லியே ஆகணும். போன மாசம் நான் எழுதின ஒரு பதிலுக்குக் கீழ ஒருத்தர் "முதல்ல தமிழ் கத்துக்கிட்டு வந்து எழுதுங்க"ன்னு போட்டார், நாப்பது பேரு அதுக்கு லைக். றகரம் ரகரம் எனக்கு இன்னிக்கும் தடுமாறும், ஒத்துக்கறேன். எங்க அப்பா பள்ளிக்கூடம் போற வயசுல இங்க தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்ல, 60-கள்ல எல்லாத்தையும் கவர்மென்ட் எடுத்தாச்சு. நான் படிச்சது ஞாயித்துக்கிழமை கோயில் மண்டபத்துல, முப்பது பிள்ளைங்களுக்கு நாலு புத்தகம், அதுவும் அட்டை இல்லாதது, வாத்தியார் வாரம் பூரா டயர் கடையில வேலை பாக்கறவர். கிளாஸ்ல என்னை "கலா"ன்னு கூப்பிடுவாங்க, இந்தியாக்காரன்னு அர்த்தம், நல்ல அர்த்தத்துல இல்ல. இங்க வந்தா தமிழன் இல்லைங்கறீங்க. அந்த நாப்பது பேருல ஒருத்தர் பர்மிய எழுத்துல தன் பேரை எழுதிக் காட்டட்டும், நான் றகரம் கத்துக்கறேன்.

சரி, விடுங்க. நாட்டை விட்டு ஓடப் பாத்தவன்னு சிலர் நினைப்பீங்க. 2024-ல இருந்து 18 முதல் 35 வயசு வரைக்கும் உள்ள ஆம்பளைங்களுக்குக் கட்டாய ராணுவச் சட்டம் நடைமுறையில இருக்கு, எனக்கு 28, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அம்மா என்னைத் தெருமுனைக் கடைக்குக் கூட விடறதில்ல, தானே போய் வாங்கிட்டு வர்றாங்க. இதுக்கு மேல எழுதல.

நோட்டு இன்னும் இருக்கு. அப்பா அந்தப் பக்கத்தைக் கிழிக்கல, அதுக்கு எதிர்ப் பக்கத்துலயே பால் கணக்கு எழுதிட்டு வர்றார்.

நீங்க டிஎஸ்-260 அனுப்பிட்டீங்களா இல்லையா, அதை மட்டும் கீழ சொல்லுங்க. அனுப்பலைன்னா இந்த வாரமே அனுப்புங்க, பரீட்சை இருந்தாலும். கேஸ் நம்பரையும் கன்ஃபர்மேஷன் நம்பரையும் கமெண்ட்ல போட்டுடாதீங்க. இங்க கரண்ட் எப்போ வேணா போகும், பதில் போட லேட்டானா கோவிச்சுக்காதீங்க.