பாட வரவில்லை என்றால் விசுவாசம் போய்விட்டதா?

கேள்வி: கணவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. சபைப் பாடகர் குழுவில் வருஷக்கணக்காகப் பாடியவள் நான், இப்போது வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. "மனைவி, பிள்ளை இரண்டு பேரையும் பறிகொடுத்த கையோடு டார்சி கீதமே எழுதினாரே, உங்களால் பாடக்கூட முடியாதா சிஸ்டர்?" என்கிறார்கள். என் விசுவாசம் குறைந்துவிட்டதா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இல்லை சகோதரி. அந்தக் கதையைச் சொன்னவர்கள் நடுப் பகுதியை விட்டுவிட்டார்கள்.

தாமஸ் டார்சி சிகாகோவில் வாழ்ந்த கறுப்பினப் பாடகர், ஒரு காலத்தில் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் உலக இசையை வாசித்தவர். 1932 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸில் எழுப்புதல் கூட்டத்தில் பாடக் கிளம்புகிறார், மனைவி நெட்டி அப்போது நிறைமாதம். பாட்டுத் தாள் பையை மறந்துவிட்டோமே என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பினால், அவள் நல்ல தூக்கத்தில் இருக்கிறாள். எழுப்ப மனம் வராமல் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூட்டத்துக்கே தந்தி வந்தது, மனைவி இறந்துவிட்டாள் என்று. பிறந்த ஆண் குழந்தையும் தங்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள்.

உடனே பாட்டு வந்துவிடவில்லை. கடவுள் எனக்கு அநியாயம் செய்துவிட்டார், இனி கீதமும் வேண்டாம், ஊழியமும் வேண்டாம், பழைய இசைக்கே போய்விடுகிறேன் என்று கிடந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம்தான் ஒருநாள் பியானோ முன்னால் உட்கார்ந்தபோது 'பிரஷியஸ் லார்ட், டேக் மை ஹேண்ட்' (அருமை ஆண்டவரே, என் கையைப் பிடித்துக்கொள்ளும்) என்ற அந்தக் கீதம் பிறந்தது, அதுவும் சபைகளில் ஏற்கெனவே பாடிவந்த ஒரு பழைய மெட்டில். அதில் எங்கே துதி இருக்கிறது? களைத்துவிட்டேன், பலம் இல்லை, என் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று கெஞ்சுகிறார், அவ்வளவுதான். 88ஆம் சங்கீதத்தையும் வாசித்துப் பாருங்கள், அது ஆறுதலில் முடியவே இல்லை, ஆனாலும் வேதத்தில் இருக்கிறது.

அதனால் குழுத் தலைவரிடம் கொஞ்ச நாள் விடுப்பு கேளுங்கள், காரணம் விளக்க வேண்டியதில்லை. ஆராதனைக்குப் போய் உட்கார்ந்திருங்கள், மற்றவர்கள் பாடட்டும். கடவுள்மேல் கோபம் இருந்தால் அதையே ஜெபத்தில் சொல்லுங்கள். சாப்பாடும் தூக்கமும் சேர்ந்தே போயிருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். யாராவது மறுபடி டார்சி கதையை எடுத்தால், அவர் கோபித்துக்கொண்டு இருந்த நாட்களையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.