மகளிடம் குறுக்கு விசாரணை

கேள்வி: நான் சட்டம் படித்தவள், 16 ஆண்டுகளாக வழக்கறிஞர். தோழியோடு சண்டை என்று 15 வயது மகள் அழுதுகொண்டு வந்தாள். "முதலில் யார் பேசியது? அப்போது கூட யார் இருந்தார்கள்?" என்று கேட்டேன். "நான் என்ன கூண்டிலயா நிக்கிறேன்?" என்று கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னை இப்படி ஆக்கியது படிப்பா, என் பிறவிக் குணமா? அவளும் சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். பயமாக இருக்கிறது.

பதில்: இரண்டும்தான், சகோதரி. துருவிக் கேட்கும் குணம் உங்களிடம் முன்பே கொஞ்சம் இருந்திருக்கும், அதுதான் உங்களைச் சட்டத்தின் பக்கம் இழுத்திருக்கும். படிப்பு அதைத் தீட்டிவிட்டது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். லெமன், லெம்பர்ட், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வு அது. சட்டம், மருத்துவம், உளவியல், வேதியியல் மாணவர்கள் யோசிக்கும் விதத்தைப் படிப்பின் தொடக்கத்திலும் பிறகு மூன்றாம் ஆண்டிலும் அளந்தார்கள். புள்ளிவிவரத்தை எடைபோட்டு முடிவெடுப்பதில் உளவியல், மருத்துவ மாணவர்கள் நன்றாக முன்னேறியிருந்தார்கள். சட்ட மாணவர்கள் அதில் முன்னேறவில்லை. 'இப்படி என்றால் இப்படி' என்கிற தர்க்கத்தில்தான் தேறியிருந்தார்கள். வேதியியல் மாணவர்களிடம் இரண்டிலுமே பெரிய மாற்றம் இல்லை.

எந்தக் கேள்வியைப் படிப்பு ஆண்டுக்கணக்கில் கேட்கப் பழக்குகிறதோ, அதுதான் வீட்டிலும் முதலில் நாக்கில் வந்து நிற்கும். இருமல் சத்தம் கேட்டதும் மருத்துவருக்கு "எத்தனை நாளா?" என்று வந்துவிடும். கணக்குத் தணிக்கை படித்தவரின் கண் நல்ல செய்தியிலும் விடுபட்டதைத் தேடும். உங்களுக்கு "கூட யார் இருந்தது?" என்று வருகிறது. அன்றைக்கு அந்தக் குழந்தைக்கு வேண்டியிருந்தது, தன் பக்கம் நிற்க ஒரு ஆள். அழுகிற பிள்ளையின் காதில் அந்தக் கேள்வி 'நீ சொல்வதை நான் நம்பவில்லை' என்றுதான் விழும். அவள் கதவைச் சாத்தியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் இதற்கான வழியும் நீங்கள் படித்த படிப்பிலேயே இருக்கிறது. குறுக்கு விசாரணை எதிர்த்தரப்புச் சாட்சிக்கு. உங்கள் தரப்புச் சாட்சியை முதல் விசாரணை செய்யும்போது, பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்க மாட்டீர்கள் இல்லையா? "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று விட்டுவிடுவீர்கள். புதிதாக வரும் கட்சிக்காரரையும் முழுக்கப் பேசவிட்டுத்தானே குறிப்பெடுப்பீர்கள்? உங்கள் மகள் உங்கள் கட்சிக்காரி, அம்மா.

சரி, அவள் சட்டம் படிக்கலாமா? தாராளமாகப் படிக்கட்டும். அந்தப் படிப்பு உங்களுக்குக் கொடுத்ததையும், வீட்டில் அதனால் வந்த சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதையெல்லாம் உங்களைவிட நன்றாகச் சொல்ல அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அதற்கு முன்னால் ஒரு வேலை. இன்று ராத்திரி அவள் அறைக்குப் போய், "அன்னைக்கு நான் சரியாக் கேட்கல, இப்ப சொல்றியா?" என்று கேளுங்கள். சொன்னால், அவள் முடிக்கும் வரை ஒரு கேள்வியும் வேண்டாம். சொல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.