ஆர்.டி.யை உடைத்து டேப்லெட் வாங்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறேன். கணவருக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை. மகனுக்கு 8 வயது, மகளுக்கு 5. சென்ற கோடை விடுமுறையில் செல்போன், தின்பண்டம், ஊர்சுற்றல் என்று 9,000 ரூபாய் போனது. இருந்தும் தினமும் ‘போர் அடிக்கிறது’ என்ற நச்சரிப்பு ஓயவில்லை. அஞ்சலகத்தில் மாதம் 1,500 ரூபாய் வீதம் 26 மாதமாக ஆர்.டி. கட்டுகிறேன். அதை முடித்து ஒரு டேப்லெட் வாங்கி, இருவரையும் கோடைக்கால முகாமிலும் சேர்க்கலாமா ஐயா?

பதில்: முதலில் ஆர்.டி. சகோதரி, நீங்கள் நினைத்தாலும் அதை இப்போது முடிக்க முடியாது. அஞ்சலகத்தின் 5 ஆண்டு ஆர்.டி.யை 3 ஆண்டுகள் ஆன பிறகுதான் இடையில் மூடலாம். அப்போதும் ஆர்.டி. வட்டி கிடைக்காது, சேமிப்புக் கணக்கின் 4 சதவீதம்தான் கிடைக்கும். 12 தவணை கட்டியவர்களுக்கு இருப்பில் பாதி வரை கடன் தருவார்கள். நீங்கள் கட்டியிருப்பது 39,000 ரூபாய் என்பதால் 19,500 ரூபாய்க்குக் குறையாமல் வாங்கலாம். ஆனால் அதற்கு ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். மருத்துவச் செலவு என்றால் நானே வாங்கச் சொல்வேன். டேப்லெட்டுக்கு வேண்டாம்.

முகாமைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. 6,000 ரூபாயை மொத்தமாகக் கட்டி என் மகனைச் சேர்த்தேன். மூன்றாம் நாள் காலையில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். பணம் திரும்பி வரவில்லை. சேர்ப்பதானால் வாரக் கட்டணம் வாங்கும் இடமாகப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கணக்கிலேயே எடுக்காத செலவு ஒன்று இருக்கிறது. மே மாதம் பள்ளிச் சீருடை தைக்கும் காலம், முகூர்த்த நாட்களுக்கு ரவிக்கையும் குவியும். தையல்காரருக்கு அதுதான் அறுவடை. அந்த நேரத்தில் பிள்ளைகளைச் சமாளிக்க நாளுக்கு 3 மணி நேரம் மிஷினை விட்டு எழுந்தால் 2 ரவிக்கை குறையும். ஒன்றுக்குக் கூலி 120 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 240, 30 நாளில் 7,200 ரூபாய். ஏறக்குறைய போன ஆண்டுச் செலவுக்குச் சமமான தொகை, சத்தமில்லாமல் போகிறது.

ஆகவே பணத்தைப் பொருளில் போடாமல் ஆளில் போடுங்கள். உங்கள் தெருவிலேயே பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பெண் யாராவது இருப்பாள். காலை 9 முதல் 12 வரை பிள்ளைகளோடு இருக்க நாளுக்கு 100 ரூபாய் கொடுங்கள். 30 நாளுக்கு 3,000 ரூபாய். உங்களுக்கு 4,200 ரூபாய் மிஞ்சும், அந்தப் பெண்ணுக்கும் கல்லூரிச் செலவுக்குக் கொஞ்சம் ஆகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தால் கூலியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் கூட்டம் இருந்தால்தான் விளையாட்டு சூடுபிடிக்கும்.

விளையாட்டுச் சாமானுக்குக் காசு தேவையில்லை. நம் பக்கத்தில் புளி தட்டிக் கொட்டை எடுக்காத தெரு ஏது? பல்லாங்குழியின் 14 குழிக்கும் 5 வீதம் போட்டால் 70 கொட்டை. பலகை இல்லையா, தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டால் போதும். நுங்கு தின்ற பனங்காயில் வண்டி செய்து கொடுங்கள். ஒரு வாரம் ஓடும். நூலகத்துக்கும் ஒரு நடை போய் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.

தின்பண்டச் செலவை நீங்கள் கட்டுப்படுத்தப் பார்க்காதீர்கள், தோற்றுவிடுவீர்கள். மகனிடம் கொடுத்துவிடுங்கள். திங்கள்கிழமை காலையில் இருவருக்கும் சேர்த்து 150 ரூபாயைச் சில்லறையாக ஒரு டப்பாவில் போட்டு, ஒரு நோட்டும் கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்றாம் வகுப்புப் பையன் எழுதிய பக்கத்தைப் பார்த்தேன்: ‘மாங்காய் பத்தை 10, ஐஸ் 20, ஐஸ் 20, ஐஸ் 20’ என்று போனது. புதன்கிழமையே டப்பா காலி. மீதி நான்கு நாள் அம்மா காசு தரவில்லை. அடுத்த வாரப் பக்கத்தில் ஐஸ் ஒரே ஒரு முறைதான் இருந்தது. நீங்களும் வியாழக்கிழமை மனம் இளகிவிடக் கூடாது. எல்லாப் பெற்றோரும் சறுக்கும் இடம் அதுதான்.

செல்போனில் ஒரு வேலை பாக்கி. பணம் அனுப்பும் செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்து பாருங்கள். பிள்ளைகள் விளையாடும்போது ஒப்புக்கொண்ட மாதச் சந்தா ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் ரத்து செய்யுங்கள். ரகசிய எண்ணையும் மாற்றுங்கள், மகனுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

வெளியே ஒரு நாள் போக ஆசைப்பட்டால் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பூங்கா உங்களுக்குப் பக்கம், சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். ஒகேனக்கல் என்றால் காவிரியில் தண்ணீர் வரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெள்ளம் கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், பஸ் செலவுதான் மிச்சம்.

விடுமுறை திடீரென்று வரும் செலவல்ல, ஆண்டுதோறும் வருவதுதான். ஜூன் தொடங்கி 10 மாத ஆர்.டி. தரும் வங்கியாகப் பார்த்து மாதம் 600 ரூபாய் வீதம் போட்டால் அடுத்த ஏப்ரலில் 6,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். முதல் தவணையைச் சீருடைக் கூலி வந்த அன்றே கட்டிவிடுங்கள்.